பதினொரு குழிக்குள் ஒரு பாதையும் ஒரு வீடும்

துளசி, அகிலன், போன சனிக்கிழமை விடிய நான் எங்கே புறப்படுகிறேன் என்று நீங்கள் கேட்டபோது, "நெடுந்தீவில் ஒரு அலுவல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அந்த அலுவல் முடியுமா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. முடியாமல் திரும்பி வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது சொல்லலாம். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன், இருபத்திரண்டு வருடமாகச் சாந்துக் கரண்டி பிடிக்கிற மேசன். எழுதிப் பழக்கம் இல்லை. அதனால் போன வழியின் ஒழுங்கிலேயே, அப்போது மணிக்கூட்டில் பார்த்த நேரத்தோடு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். காணி அளவில் பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. கொட்டடியில் எங்களுக்கு இருப்பது பதினொரு குழி. அகலம் இருபத்திரண்டு அடி, நீளம் எழுபத்தைந்து அடி. இரண்டு பக்கமும் வீடுகள், முன்னால் ஒழுங்கை, பின்மூலையில் கிணறு. அந்தக் கிணற்றுக்கு நாலு பங்கு. ஒன்று எங்களுக்கு, இரண்டு பக்கத்து வீடுகளுக்கு, நாலாவது ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் எட்டுக் குழிக் காணிக்கு. பங்குக்காரர் போய்த் தண்ணீர் அள்ளுவதற்கு நாலடிப் பாதை ஒன்று எங்கள் காணியின் நட்டநடுவால் போகிறது. காணி உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நடுவில் நாலடியை விட்டால் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அடிதான் மிச்சம். அதில் சுவருக்கு ஒன்றரை அடி போனால் ஏழரை அடி. ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்தால் ஆள் பக்கவாட்டில் நடக்கவேண்டும். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் அடுத்த ஆனியில் திரும்பக் கேட்டிருக்கிறார். பாதைப் பிரச்சினை தீராவிட்டால் காணியை விற்றுவிட்டுத் தூரத்தில் எங்கேயாவது வாங்கவேண்டும். உங்கள் இரண்டு பேருடைய பள்ளிக்கூடமும் மாறும். அம்மா தையல் தைத்துக் கொடுக்கும் வீடுகள் எல்லாம் கொட்டடியில்தான். இதனால்தான் எனக்கு நித்திரை வரவில்லை. நீங்கள் நினைத்ததுபோல இருமலால் அல்ல.

பக்கத்து இரண்டு வீட்டுக்காரரும் "எங்களுக்குக் குழாய் இருக்கு, பாதை வேண்டாம்" என்று கடிதம் தந்துவிட்டார்கள். நாலாவது பங்குக்காரி ஞானம் அக்கா. இருப்பது நெடுந்தீவில். அவவின் கையெழுத்துக்காகத்தான் போனேன்.

சனிக்கிழமை, காலை 6.10. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ். அம்மா கட்டித்தந்த இடியப்பமும் சம்பலும், மூன்று கடிதங்கள் வைத்த பிளாஸ்ரிக் உறை, அளவு நாடா, அகிலனுடைய பாதி எழுதிய சதுரக் கொப்பி. (அகிலன், கொப்பியைத் தேடினாய் என்று அம்மா சொன்னா. அதில் கணக்குப் பக்கங்களை நான் கிழிக்கவில்லை.) பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், கரையோரம் இறால் கூடுகள். ஆவணி மாதம் என்பதால் சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. வேலணையில் பாதிப் பஸ் இறங்கியது. சுருவில் பக்கம் திரும்பும் சந்தியைத் தாண்டும்போது, அங்கே நான் மூன்று மாதம் பூச்சு வேலை செய்த வீடு நினைவுக்கு வந்தது. தெற்கில் கடை வைத்திருந்த குடும்பம், இப்போது வெளிநாட்டில். பதினான்கு அறை. வேலை முடிந்த அன்று நானே பூட்டித் திறப்பைக் காவல்காரரிடம் கொடுத்தேன். அந்த வீட்டின் குளியலறைக்குள் நாங்கள் நாலு பேரும் பாய் விரித்துப் படுக்கலாம். எரிச்சலில் சொல்லவில்லை. அந்த வீட்டில் இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரை நீட்டிக்கொண்டே போனார்கள். எங்களுக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேசனுக்கு இரண்டாவதுதான் கடினம்.

7.35. குறிகட்டுவான் படகுத்துறை. யாழ்ப்பாணத்தில் இருந்து முப்பது கிலோமீற்றர் அளவில். நயினாதீவுக்குப் போகிற சனம் பூத்தட்டோடு ஒரு பக்கம், நெடுந்தீவுச் சனம் சாமானோடு மறுபக்கம். நெடுந்தீவுப் படகில் ஏறியவை: இரண்டு காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, ஒரு மெத்தை, பன்னிரண்டு பை சீமெந்து, கடைசியாக நாங்கள். சீமெந்துக்காரர் என் கையைப் பார்த்தார். வெடித்த விரல்கள் தொழிலைச் சொல்லிவிடும்.

"மேசனோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப இதிலை ஏறி இரும். தண்ணி அடிச்சா முதல் உம்மிலைதான் படவேணும். பை நனைஞ்சா எனக்கு நட்டம், நீர் நனைஞ்சா காய்ஞ்சிடுவீர்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் சீமெந்துப் பையின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். நயினாதீவுக் கோபுரமும் விகாரையின் வெள்ளைக் கூம்பும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாதபடி படகு ஆடியது. இறங்கும்போது அவர் ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல மேசன்" என்றார். என்னுடைய வேலைக்கு இவ்வளவு கெதியாகப் பாராட்டு கிடைத்தது அதுதான் முதல்தடவை.

9.30. நெடுந்தீவு இறங்குதுறை. மேடு பள்ளம் இல்லாத தீவு. எங்கே பார்த்தாலும் கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள், இடுப்பு உயரத்துக்கு. சாந்து கிடையாது. ஓட்டோக்காரரிடம் ஞானம் அக்கா வீடு என்றேன்.

"எந்த ஞானம்? சங்கக்கடை ஞானமோ, குதிரை உதைச்ச ஞானமோ?"

"கொட்டடியிலை காணி இருக்கிற ஞானம்."

"காணி இருக்கிறது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? குதிரை உதைச்சது எல்லாருக்கும் தெரியும். ஏறும்."

மூன்று கிலோமீற்றர், ஐந்நூறு ரூபா. வழியில் காட்டுக் குதிரைகள் நாலைந்து நின்றன. ஓட்டோக்காரர் ஒன்றைக் காட்டி, "அது இல்லை, அதின்ர தாய்" என்றார்.

காலை 10 மணி. குதிரை உதைத்த ஞானம்தான் எங்கள் ஞானம் அக்கா. அறுபதுக்குக் கிட்டிய வயது, ஒரு கால் கொஞ்சம் சாய்த்து நடப்பா. அவவின் கணவர் அந்தோனி அண்ணை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வீடு இரண்டு துண்டு. ஒரு பக்கம் படுக்கை அறைகள், மறுபக்கம் சமைக்கும் குசினி, இரண்டும் தடித்த கடற்கல் சுவர். நடுவில் ஓர் இடைவெளி. அதற்கும் சேர்த்துத்தான் மேலே ஓலைக் கூரை. என்னை அந்த இடைவெளியிலேயே கதிரை போட்டு இருத்தினார்கள். வெளியே வெயில் எரிந்தது. அதற்குள் சோளகம் ஆற்று நீர்போல ஓடியது.

தேத்தண்ணி வந்தது. சுகம் விசாரித்தோம். அவவின் மகள் மெற்றில்டா யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி படிக்கிறாவாம். பிறகு உறையைத் திறந்து கடிதங்களை எடுத்தேன். இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன். பஸ்ஸிலும் படகிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தை அப்படியே சொன்னேன்.

"அக்கா, அந்தக் கிணத்துத் தண்ணி இப்ப ஒருத்தருக்கும் தேவையில்லை. குழாய் வந்திட்டுது. நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சா பாதையை மூடிப்போட்டு வீட்டைக் கட்டிடுவன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தோனி அண்ணையைப் பார்த்தா.

"கேட்டீங்களோ? தண்ணி தேவையில்லையாம்."

"ஆருக்காம்?"

"ஒருத்தருக்குமாம்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் படுத்துக் கிடக்கலாம்."

அவர் வலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அதே நேரம் இரண்டு பெண்கள், ஆளுக்கு இரண்டு வாளியோடு, என் கதிரையைச் சுற்றிக்கொண்டு அந்த இடைவெளியால் பின்னுக்குப் போனார்கள். "ஆர் ஞானமக்கா, விருந்தாளியோ?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிய ஒருவர். கதிரையை நான் சுவரோடு இழுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெடுந்தீவில் அதிகமான கிணறுகள் உப்பு. குடிக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு இங்கொன்றும் அங்கொன்றும்தான். அக்கா வீட்டுக்குப் பின்னால் முந்நூறு அடி தள்ளி அப்படி ஒன்று இருக்கிறது. அதற்குப் பாதை அவவின் வீட்டுக்கு நடுவால். படுக்கை அறைக்கும் குசினிக்கும் இடையில், அவர்கள் சாப்பிடும் இடத்தால், விடிந்ததில் இருந்து இருட்டும் வரைக்கும் அயற்சனம் போய்வருகிறது. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நான் தண்ணீர் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. அது உதே கிணத்துத் தண்ணிதான்" என்றா. கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "தம்பி, உம்மட பிள்ளையளுக்கு வீடு வேணும், எனக்கு விளங்குது. ஆனா எதிர்க் காணி என்ர மகளுக்கு. எட்டுக் குழி. கிணத்துப் பங்கு இல்லாட்டி அது வெறும் மண். நாளைக்கு அவள் அங்கை ஒரு குடில் போட்டாலும் தண்ணிக்கு எங்கை போவாள்?"

"குழாய், அக்கா."

"எத்தினை நாளுக்கு ஒருக்கா வரும்?"

எங்கள் ஒழுங்கையில் குழாய் எத்தனை நாளுக்கு ஒருதரம் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

"கிணத்துப் பாதையை அடைக்க நான் கையெழுத்து வைக்க மாட்டன். இந்தத் தீவிலை ஒருத்தரும் வைக்காயினம். வைச்சா அவை வீட்டிலை ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்காயினம்."

பகல் 2 மணி. திரும்பும் படகு இரண்டரைக்கு. வெறுங்கடிதத்தோடு எழும்பினேன். அந்தோனி அண்ணை, "எங்கை போறீர்? இரும். ஒரு நாளிலை ஓமெண்டு சொல்ல மாட்டா. என்னைக் கட்டுறதுக்கே மூண்டு மாதம் எடுத்தவ" என்றார். உள்ளிருந்து அக்கா, "ஆறு மாதம்" என்றா. நின்றேன்.

பின்னேரம் சும்மா இருக்க அலுப்பாக இருந்தது. மாடு ஒன்று மதிலில் ஒரு பாகத்தைத் தள்ளி விழுத்தியிருந்தது. நான் அடுக்கித் தருகிறேன் என்றேன். மூன்று தரம் அடுக்கினேன், மூன்று தரமும் சரிந்தது. கல்லை வைத்ததும் என் வலக்கை தானாகச் சாந்துச் சட்டியைத் தேடியது. அந்தோனி அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீமெந்து இல்லாட்டி மேசனுக்கு ஒரு கைதான் போலை."

"நீங்கள் அடுக்கிக் காட்டுங்கோவன்."

"எனக்கும் ஏலாது. இது ஞானத்தின்ர வேலை."

அக்கா வந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, அது எந்தப் பக்கம் படுக்க விரும்புகிறது என்று பார்த்து வைத்தா. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஓட்டை. அதால் காற்றுப் போகிறது. காற்றுப் போகிறபடியால்தான் சாந்தில்லாத மதில் புயலுக்கும் நிற்கிறது. நான் கட்டும் மதில்கள் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், ஒருநாள் முழுதாகச் சரியும். ஒன்றை நிறுத்துவதற்கு எல்லா ஓட்டையையும் அடைக்கத் தேவையில்லை என்பது இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத விஷயம்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தோனி அண்ணை சில வருடங்களுக்கு முன் வளவின் மூலையில் ஆசைப்பட்டு ஒரு கொங்கிறீற்று அறை கட்டியிருந்தார். மேல்தளப் பிளாட்டின் அடியில் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று, கம்பி துருப்பிடித்து ஊதி நின்றது. "எந்தத் தண்ணியிலை குழைச்சனீங்கள்?" என்று கேட்டேன். வளவுக்குள் இருக்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் கட்டடத்துக்கு அள்ளினால் சனம் என்ன சொல்லும் என்று விட்டுவிட்டாராம். பக்கத்தில் பழைய கல் வீடு அசையாமல் நிற்கிறது, புது அறைக்குள் கோழி படுக்கிறது. கடற்கல் இப்போது வெட்டக்கூடாது, சட்டம். அதனால் நாங்கள் கொங்கிறீற்றைத்தான் நம்பவேண்டும். கொங்கிறீற்றை நம்புவதென்றால் முதலில் நல்ல தண்ணீர் வேண்டும். பவுசர் லொறியில் தண்ணீர் வாங்கித்தான் குழைப்பதென்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் காணியின் பின்மூலையில் இருப்பது உப்பில்லாத கிணறு. அதைத்தான் நான் தேவையில்லை என்று எழுதிக் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி. அக்காவும் அண்ணையும் தேவாலயப் பூசைக்குப் போய்விட்டார்கள். "பூசை முடிஞ்சு வந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனா. நான் இடைவெளியில் தனியே இருந்தேன். தண்ணீருக்கு வந்தவர்கள் எனக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெண், "நேற்று மதில் விழுத்தின மேசன் நீர்தானோ?" என்று கேட்டா. "விழுத்தினது மாடு, நான் எழுப்பத்தான் பார்த்தனான்" என்றேன். "மாடு ஒருக்காத்தான் விழுத்தினது" என்றுவிட்டுப் போனா.

அந்த இடைவெளி நடுவில் இருப்பதால் அந்த வீடு கெட்டுப்போகவில்லை. அதுதான் வீட்டின் மூச்சு. இரண்டு பக்க அறைகளுக்கும் யன்னல் அதற்குள்தான் திறக்கிறது. வெளிச்சமும் காற்றும் அதால் வருகிறது. எங்கள் காணியில் இரண்டு பக்கமும் அயல் வீட்டுச் சுவர் முட்டி நிற்கிறது, யன்னல் வைக்க இடமில்லை. பாதையை மூடி இருபத்திரண்டு அடியையும் அடைத்துக் கட்டியிருந்தால், நடு அறைகளில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். மூன்று மாதமாக நான் கீறிய படங்கள் எல்லாவற்றிலும் அந்த இருட்டு அறை இருந்தது. பாதை போனால் எல்லாம் சரியாகும் என்று எண்ணிக்கொண்டு அதை நான் பார்க்கவில்லை.

கொப்பியை எடுத்தேன். ஒரு சதுரம் ஓர் அடி. நடுவில் பாதை, அதற்கு மேலே கூரை. இடப்பக்கம் முன் விறாந்தையும் இரண்டு அறைகளும் வரிசையாக. வலப்பக்கம் குசினி, குளியலறை, மாடிப்படி. பாதைக்கு மேலே பிளாட் போட்டால் மாடியில் இருபத்திரண்டு அடி அகலமும் ஒரே வீடாகிவிடும். கீழ்ப்பகுதியை இப்போது கட்டலாம், மாடியைக் கையில் வசதி வரும்போது. ஆனால் அத்திவாரம் மாடிக்கும் சேர்த்து இப்போதே. மாடித் தூண்களுக்காக நீட்டி விடும் கம்பிகளைச் சும்மா வெயிலில் விடாமல் மெல்லிய கொங்கிறீற்றால் மூடிவைப்பேன், பிறகு உடைத்து எடுக்கலாம். கிணற்றைச் சுற்றி விதிப்படி விடவேண்டிய வெளி தானாகவே கிடைக்கிறது. போன மாரியில் ஒழுங்கைத் தண்ணீர் எதால் பின்வாய்க்காலுக்கு வடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாதையால்தான். ஆகவே பாதை ஒழுங்கை மட்டத்திலேயே கிடக்கும், அறைகளின் தளம் ஒன்றரை அடி உயரும், கிணற்றுக் கட்டும் உயரும்.

காலை 8.30. அக்கா பூசைச் சீலையோடேயே கொப்பியைப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா.

"இது என்ன, இந்த ஒடுக்கம்?"

"பாதை, அக்கா. நாலடி. உறுதியிலை உள்ளபடி."

"எழுதினவர் தண்ணி தூக்காதவர்" என்றா. "வெளியிலை நாலடி நாலடிதான். ரெண்டு சுவருக்கு நடுவிலை நாலடி நாலடியோ? எங்கட வீட்டிலை எவ்வளவு எண்டு அளந்து பாரும்."

அளந்தேன். நாலடி ஒன்பது அங்குலம். அக்கா அந்தோனி அண்ணையிடம் இரண்டு பாய்களைக் கேட்டா. அதை விரித்து நிமிர்த்தி, சுவருக்கு நாலடியில் ஒரு பொய்ச் சுவர்போல நானும் அவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா இரண்டு வாளியை நிரப்பிக்கொண்டு, சாய்ந்த காலோடு வந்தா. இடக்கை வாளி பாயில் முட்டியது, தண்ணீர் என் காலில். "அது குதிரைக் கால் செய்தது, வாளி இல்லை" என்றார் அண்ணை. "அப்ப நீங்கள் தூக்குங்கோ" என்று வாளியைக் கொடுத்தா. அவருக்கும் முட்டியது. நான் தூக்கினேன், எனக்கு முழங்கை சுவரில் உரசித் தோல் போனது. பாயை அரை அடி தள்ளிப் பிடித்தோம். நாலரை அடி. மூன்று பேரும் சிந்தாமல் போய்வந்தோம். நான் அழிறப்பரை எடுத்துக் குசினியில் அரை அடியைக் குறைத்தேன். அம்மாவுக்கு அதை இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறிவா.

"படி எங்கை? அறை உயரத்திலை எண்டால் படி வேணும். படியைப் பாதையிலை வைச்சால் பிறகும் நாலடி" என்றா அக்கா.

அதையும் நான் யோசிக்கவில்லை. மூன்று படிகளையும் சுவருக்கு உள்ளே, வாசலுக்குள் இழுத்துக் கீறினேன்.

"மேலை எவ்வளவு உயரம்?"

"எட்டரை அடி."

"தலையிலை விறகுக் கட்டோடை ஆள் வந்தால்?"

"கொட்டடியிலை இப்ப ஒருத்தரும் தலையிலை விறகு கொண்டு போறேல்லை, அக்கா."

"தண்ணி தேவையில்லை எண்டும் சொன்னனீர்."

ஒன்பது அடியாக்கினேன்.

கடைசியாக ஒன்று கேட்டா. "முன்னுக்குக் கேற் போடுவீரோ?"

"போடவேணும் அக்கா. பட்டினம், நாய் பூந்திடும்."

"போடும். பூட்டுப் போடாதையும்."

இதற்கு நான் உடனே ஓம் சொல்லவில்லை. எழும்பிப் போய், சிக்னல் கிடைக்கும் மதிலடியில் நின்று அம்மாவுக்கு எடுத்தேன். படத்தை வாயால் விளங்கப்படுத்தினேன்.

"அப்ப எங்கட நடுவீட்டாலை ஊர் போகுமோ?" என்று அம்மா கேட்டா.

"ஊர் இல்லை. பங்குக்காரர். எப்பவாவது."

"அறைக் கதவுகளுக்குப் பூட்டு இருக்குமோ?"

"ரெண்டு பக்கமும் இருக்கும்."

"பிள்ளையள் எங்கை படிப்பினம்?"

"பாதைக்கு யன்னல் வைச்ச அறையிலை. வெளிச்சம் வரும்."

பிறகு அம்மா சொன்னா: "ஞானம் அக்காவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ. தண்ணி அள்ள வந்தா எனக்கும் ஒரு வாளி இழுத்து வைச்சிட்டுப் போகட்டும்."

அப்படியே போய்ச் சொன்னேன். அக்கா முதல்தடவையாகச் சத்தமாகச் சிரித்தா. நான் கொண்டுபோன கடிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினா. பாதைக்கு மேலே வீடு வருவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை. அகலம் நாலரை அடி, உயரம் ஒன்பது அடி. படி பாதையில் வரக்கூடாது. கேற்றுக்குப் பூட்டு இல்லை. அந்தோனி அண்ணை சாட்சிக் கையெழுத்து வைத்தார். இதை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கொடுத்து முறையாக எழுதவேண்டும். பக்கத்து வீடுகள் தந்த இரண்டு கடிதங்களையும் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். ஒருவருக்குப் பாதை இருந்தால் எல்லாருக்கும் இருக்கட்டும்.

பகல் 2.30. திரும்பும் படகில் சீமெந்துப் பை இல்லை, பலகையில் இருந்தேன். நெடுந்தீவு வெளிதான், இடம் தாராளம். ஆனால் அங்கேயும் ஒரு வீட்டின் நடுவில் நாலே முக்கால் அடி அயலாருக்கு விட்டிருக்கிறார்கள். விட்டதால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நாளெல்லாம் கதைக்க ஆள் வருகிறது, காற்று வருகிறது. சுருவிலில் பதினான்கு அறைக்கு நடுவில் ஒரு பாதையும் இல்லை. எங்கள் வீடு இந்த இரண்டில் எதைப் போலவும் இருக்காது. சின்னதாக இருக்கும். துளசி, உன் அறை ஏழரைக்கு ஒன்பது. நீ படிக்கும்போது யன்னலுக்கு வெளியே யாராவது வாளியோடு போவார்கள், என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டுப் படி.

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, வேலைக்குப் போகமுன் தனியே காணிக்குப் போனேன். பாதை முழுக்கப் பற்றை. கத்தியால் வெட்டி, கிணற்றடி வரைக்கும் துப்புரவாக்கினேன். பிறகு முளை அடித்து, வீடு வரும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். எல்லா வீட்டுக்கும் செய்கிறபடி நாலு மூலையையும் இணைத்து ஒரே கயிறாகக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கயிறு பாதையின் வாயைக் குறுக்கே மறித்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் நின்றது. திரும்பிப் போய் அந்த இடத்தில் கயிற்றை அறுத்து, இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு முளை அடித்து, நாலரை அடியைத் திறந்து விட்டேன்.